ஆறாம் புத்தகத்தின் எட்டுப் பெண்கள்

சரோஜினிதேவிக்குத் தான் இருக்கும் வெள்ளவத்தை மாடிவீட்டுத் தொகுதியில் தலைக்கு மேலே யார் குடியிருக்கிறார்கள் என்று தெரியாது. ஆனால் ஸ்பெயினில் மொந்தல்வீயா என்ற சின்ன ஊரில் 1885ஆம் ஆண்டு வாந்திபேதி வந்தபோது, முதல் சாவு எந்தத் தெருவில் எந்த வீட்டில் விழுந்தது என்று கேட்டுப் பாருங்கள். கையில் இருக்கும் தேநீரைக் கீழே வைக்காமலே சொல்லுவாள். செத்தவனின் தொழிலையும் சேர்த்துச் சொல்லுவாள். அந்த ஊரை அவள் கண்ணால் கண்டதில்லை. கடவுச்சீட்டுக்கூட அவளிடம் இல்லை.

நானும் அவளும் ஏழு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தோம். கொட்டாஞ்சேனையில் ஒரு சப்பாத்துக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் பஸீரின் கந்தோர். பதினொரு பேர் வேலை. வெளிநாட்டுப் பழைய பதிவேடுகளின் படங்கள் எங்கள் கணினிகளுக்கு வரும். கோழி கிளறியது போன்ற அந்த எழுத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டி அட்டவணையில் ஏற்ற வேண்டும். ஸ்பானிய மொழி எங்களில் ஒருவருக்கும் தெரியாது. "கண்ணு ஈந்தா போதும், பாஷை வேணாம்" என்பது பஸீரின் கொள்கை. முப்பது வருடம் பத்திரிகையில் புரூவ் பார்த்தவன் என்பதால் என்னைச் செக்கராகப் போட்டிருந்தார். மற்றவர்கள் தட்டியதைச் சரிபார்த்து, புத்தகத்துக்கு ஒரு தாள் என்று கையெழுத்து வைப்பது என் வேலை. தாளின் பிரதி ஒன்று தட்டியவரிடம் போகும். பஸீருக்கு நான் அங்கிள், மற்ற எல்லாருக்கும் அண்ணை. பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாத வயது எனக்கு.

மொந்தல்வீயாவின் நகரசபை தன் ஊர்ப் பதிவேடுகளையெல்லாம் கணினியில் ஏற்ற விரும்பியது. மட்ரிட்டில் ஒரு கம்பனி அந்த வேலையை எடுத்து எங்கள் பக்கம் தள்ளிவிட்டது. ஞானஸ்நானம், கல்யாணம், மரணம் என்று நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள். மற்றவர்கள் தட்டினார்கள், ஐந்து மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தேவி மட்டும் அந்த ஊருக்குள்ளேயே குடிபோய்விட்டாள். ஒரு கொப்பி வாங்கி, எந்த வீட்டுப் பெண் எந்த வீட்டுக்குக் கல்யாணமாகிப் போனாள், யாருக்கு எத்தனை பிள்ளை, எத்தனை தப்பியது என்று எழுதத் தொடங்கினாள். சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு அந்த ஊர்க் கதைதான். 1791இல் கோயில் மணி வெடித்துப் புது மணி வார்த்தபோது, கொடுக்க ஒன்றுமில்லாத ஒரு விதவை தன் செப்புக் கிடாரத்தைத் தூக்கிக் கொடுத்தாளாம். 1810இல் ஊருக்குள் வந்த பிரெஞ்சுப் படை, துவக்குக்குள் வெடிமருந்தோடு திணிக்கத் தாள் போதாமல் ஞானஸ்நானப் புத்தகத்தைக் கிழித்ததாம். அந்த நாற்பத்தொன்பது பக்கத்திலும் இருந்த குழந்தைகளின் பெயர்கள் இனி யாருக்கும் தெரியாது என்று சொல்லும்போது தேவியின் முகம் சுருங்கிவிடும். "அக்கா, உங்களுக்கு அங்க காணி ஏதும் கிடக்கோ?" என்று மேபல் பகிடி பண்ணுவாள். மேபல் எங்கள் வரிசையில் கடைசி மேசை, கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவள்.

அந்தப் பதிவேடுகளை எழுதிய எழுத்தர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. பிழையாக ஒரு சொல்லை எழுதிவிட்டால் அதை வெட்டமாட்டார்கள், அழிக்கமாட்டார்கள். பக்கத்திலேயே 'திகோ' என்று எழுதி, பிறகு சரியான சொல்லை எழுதுவார்கள். நான் சொல்ல வந்தது இதுதான் என்று பொருள். பிழையும் நிற்கும், திருத்தமும் நிற்கும். புரூவ் பார்த்த எனக்கு அது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. தேவிக்குப் பிடித்துப்போயிற்று. மேசையில் தேநீரைச் சிந்தினாலும் "திகோ" என்று சொல்லிக்கொண்டே துடைப்பாள்.

இனி எங்கள் பிழையைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இந்தக் கதை நகராது.

அந்த நாட்டில் ஒரு பெண்ணுக்குத் தகப்பன் வழிப் பெயர் ஒன்று, தாய் வழிப் பெயர் ஒன்று. கல்யாணம் கட்டினாலும் அவை மாறுவதில்லை, சாகும்வரை அவளுடைய பெயர் அவளுடையதுதான். இது எங்களுக்கு முதல் வருடம் தெரியாது. எங்கள் ஊரில் கழுத்தில் தாலி ஏறினால் கந்தோர்த் தாளில் புருஷன் பெயர் ஏறிவிடும். ஆகவே, அந்தோனியோ வேகாவின் மனைவி இஸபெல் ரோமேரோ கானோ என்று கண்டதும் எழுத்தன் தூங்கிவிட்டான் என்று நினைத்தோம். திருத்தினோம். ரோமேரோவை எடுத்துவிட்டு வேகாவைப் போட்டோம், இஸபெல் வேகா கானோ. இந்த விதியைப் போட்டவள் தேவி. நான் பெரிய மனுஷத் தோரணையில் தலையாட்டினேன். ஒரு ஊரே முந்நூறு வருடமாகத் தன் பெண்களின் பெயரைப் பிழையாக எழுதி வைத்திருக்கிறது, அதைக் கொட்டாஞ்சேனையில் சப்பாத்துக் கடைக்கு மேலே இருந்து நாங்கள் திருத்துகிறோம்! அந்த மிதப்பை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டாம் வருடம் மட்ரிட்காரர் பிழையைக் கண்டுபிடித்து அனுப்பினார்கள். முதல் ஆறு புத்தகங்களையும் பழையபடி மாற்றச் சொல்லிப் பஸீர் என்னிடம் தந்தார். ஐந்தை மாற்றினேன். ஆறாவதைத் திறக்க வேண்டிய நாளில் நல்லூர்த் தேருக்கு யாழ்ப்பாணம் போக ரயில் டிக்கெட் என் சட்டைப்பையில் இருந்தது. எங்களுக்கு வந்த வரிசையில் ஆறாவது ஒரு மெல்லிய புத்தகம், 1936இலிருந்து நாலு வருட மரணங்கள். இதை எவன் திறந்து பார்க்கப் போகிறான் என்று நினைத்து, திருத்தியாயிற்று என்று தாளில் கையெழுத்து வைத்துவிட்டு ரயிலைப் பிடித்தேன். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. காலப்போக்கில் நானே மறந்தேன்.

போன செப்டெம்பரில் ஒரு வியாழக்கிழமை, காலை ஒன்பதே முக்கால். தேவி கணினிக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள்.

"அண்ணை, இஞ்ச வந்து பாருங்கோ."

மொந்தல்வீயா நகரசபையில் பழம்பொருள் பகுதியைப் பார்க்கும் மார்த்தா என்ற பெண் முதல் நாள் பின்னேரம் ஒரு படம் அனுப்பியிருந்தாள். நன்றி சொல்லி, ஆங்கிலத்தில் நாலு வரி. 1936இல் அந்த ஊரில் நாற்பத்தொரு பேரை வீடுகளிலிருந்து இழுத்துக்கொண்டுபோய், பெண்கள் உடுப்புத் தோய்க்கும் கல்தொட்டியின் சுவரோடு நிறுத்திச் சுட்டிருக்கிறார்கள். அந்தச் சுவரில் இப்போது ஒரு கல் பதிக்கிறார்கள். சனிக்கிழமை திறப்பு. பெயர்களை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்தோம், பெண்களின் பெயர்களைச் சிற்பி வியாழன் காலை ஒன்பது மணிக்குச் சுவரிலேயே வெட்டத் தொடங்குவார், உங்கள் குழுவும் பார்க்கட்டும் என்று மாதிரிப் படம் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாள்.

பன்னிரண்டு பெண்கள். எட்டுப் பேர் கல்யாணமானவர்கள். அந்த எட்டுப் பேருக்கும் புருஷன் பெயர்.

எது என்று எனக்குத் தெரியும். ஆறாம் புத்தகம்.

"இஸபெல் வேகா கானோவாம்," என்றாள் தேவி. "இவள் ரோமேரோ அண்ணை. இவளின்ர ஞானஸ்நானத்தை நானே தட்டினனான். ஆறாம் புத்தகம் மாத்தினதெல்லோ?"

"மாத்தினதாத்தான் ஞாபகம்," என்றேன். பச்சைப் பொய்.

அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே பகல் பன்னிரண்டரை. எங்களிடம் இரண்டே முக்கால் மணித்தியாலம் இருந்தது. பிழை என்று மட்டும் சொன்னால் போதாது, எட்டுப் பேரின் சரியான பெயரும் வேண்டும். மூலப்புத்தகம் பூஞ்சணம் பிடித்து மாகாணத் தலைநகருக்குப் பழுதுபார்க்கப் போயிருந்தது. படங்களை வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம், அழித்துவிட்டோம். மட்ரிட்டில் கேட்டால் இரண்டு நாள் எடுக்கும். ஊரில் சொந்தக்காரர் மிஞ்சியிருந்த குடும்பங்கள் தங்கள் பெயர்களைச் சரிபார்த்திருந்தன. இந்த எட்டுப் பேரும் புருஷனும் மனைவியுமாகச் செத்த வீடுகள், பிள்ளைகள் எங்கெங்கோ சிதறிப்போன வீடுகள். கேட்க ஆளில்லை.

"என்ர கொப்பியில கிடக்கு," என்றாள் தேவி. "மாத்த முதல் அசல் பேரை எழுதி வச்சனான். மனசுக்கு என்னவோ போல இருந்தது அண்டைக்கு."

கொப்பி வெள்ளவத்தையில், அவளுடைய வீட்டில். வீட்டில் அவள் ஒருத்திதான்.

பஸீர் தன் அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"மிஸ், செல்லுறதக் கேளுங்க. திங்கக்கிழம புது கொன்ட்ராக்ட் சைன் பண்ண ஈக்கி. இன்னும் மூணு ஊர்ட புத்தகம் வருது. அவங்க பைலைப் பாத்து ஓகே செஞ்சவங்க. கல்லு வெட்டுறது அவங்கட வேல. நாங்களாப் போய்க் கழுத்த நீட்ட ஏலாது. பதினொரு பேர்ட சோறு இது."

"பஸீர், அவையள் வெட்டப்போறது இல்லாத ஆக்களின்ர பேர். இஸபெல் வேகா எண்டு ஒருத்தி அந்த ஊரில பிறக்கவுமில்லை, சாகவுமில்லை."

"மவுத்தாகி எம்பது வருஷத்துக்கு மேல, மிஸ். யாரு பாக்கப் போறது?"

நான் ஐந்தாறு வருடத்துக்கு முன் நினைத்த அதே சொற்கள். என்னைப் பார்த்தார், அங்கிள் ஏதாவது சொல்வார் என்று. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

பஸீருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். தேவியின் தம்பி கிருஷ்ணராஜ் 2007இல் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பாமன்கடைச் சந்திக்குப் பாண் வாங்கப் போனவன், திரும்பி வரவில்லை. காணாமற்போனவர்களைப் பதிந்த இடத்தில் முழுப்பெயர் கேட்டார்கள். நாங்கள் சொல்கிற முறையில் தகப்பன் பெயரை முன்னுக்கு வைத்துச் செல்லையா கிருஷ்ணராஜ் என்று கொடுத்தாள். முன்னுக்கு நின்றதையே ஆளின் பெயராக எடுத்து, செல்லையா என்று பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். ஆறு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. செல்லையா தன் தகப்பன், 1991இல் கட்டிலில் கிடந்து செத்தவர் என்று நிறுவ அவருடைய மரணச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மேசையில் இருந்தவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, தேடப்படும் செல்லையா இறந்துவிட்டார் என்று எழுதிக் கோப்பை மூடினார். இன்றுவரை அது மூடித்தான் கிடக்கிறது. கிருஷ்ணராஜ் என்று ஒருவனை இந்த நாட்டில் யாரும் தேடவே இல்லை.

தேவி இதையெல்லாம் பஸீரிடம் சொல்லவில்லை. கைப்பையை எடுத்தாள். "நான் போறன்," என்றாள், அவ்வளவுதான். நானும் பின்னால் இறங்கினேன். உதவி செய்யப் போனேன் என்று சொன்னால் பொய். அந்தத் தாளும் அதில் உள்ள கையெழுத்தும் அவள் கண்ணில் படுகிறதா என்று பார்க்கப் போனேன்.

பத்தேகாலுக்கு ஓட்டோ பிடித்தோம். "அய்யே, டிக்கக் இக்மன்ட யமு," கொஞ்சம் கெதியாகப் போவோம் என்று அவள் சிங்களத்தில் கெஞ்சினாள். அந்த மனிதன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். கோட்டையைத் தாண்ட முப்பது நிமிடம். காலிமுகத்திடலில் யாரோ பெரியவர் போவதற்காகப் பாதையை மறித்திருந்தார்கள். வெயில் தகரத்தைச் சுட்டது. தேவி கைத்தொலைபேசியில் மார்த்தாவுக்கு, வெட்ட வேண்டாம், பெயர்கள் பிழை, சரியானது வருகிறது என்று எழுதி அனுப்பினாள். அங்கே அப்போது காலை ஏழுமணி. பதில் வரவில்லை.

"அவையள் இன்னும் எழும்பியிருக்கமாட்டினம்," என்றேன்.

"எழும்பி என்ன, எழும்பாட்டி என்ன. ஏன் இது மாத்தாமல் போனது எண்டுதான் எனக்கு விளங்கேல்லை, அண்ணை."

பம்பலப்பிட்டி வரைக்கும் மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்று முறையும் ஒரு பஸ் கோர்ன் அடித்தது என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டேன்.

வீட்டை அடையப் பதினொன்றேகால். லிப்ட் வேலை செய்யவில்லை. நாலு மாடி. ஐம்பத்து நாலு வயதுப் பெண் எனக்கு முன்னால் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறினாள். நான் ஒவ்வொரு படித்திருப்பத்திலும் நின்று நெஞ்சைப் பிடித்தேன். மேலே போய்ச் சேர்ந்தபோது அவள் கட்டிலுக்குக் கீழே இருந்த தகரப்பெட்டியை இழுத்து நிலத்தில் கொட்டியிருந்தாள். ஒன்பது கொப்பிகள். ஏழு வருட மொந்தல்வீயா.

முதல் கொப்பியை உதறியபோது மடித்த தாள் ஒன்று கீழே விழுந்தது. எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. ஆறாம் புத்தகத்தின் செக்கர் தாள், ஒரு பிரதி. தேவி அதை எடுத்தாள், விரித்தாள், ஒரு கணம் பார்த்தாள், திரும்ப மடித்துக் கொப்பிக்குள் வைத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாசிக்கக் கண்ணாடி போடவில்லையே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

"எழுதுங்கோ," என்றாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். இஸபெல், ரோமேரோ. அதற்கடுத்தவள். அதற்கடுத்தவள். பதினொன்றேமுக்காலுக்கு ஏழு பெயர் சேர்ந்துவிட்டது.

எட்டாவது பெயர் இருந்த பக்கம் மழைத் தண்ணீர் பட்டு அடுத்த பக்கத்தோடு ஒட்டியிருந்தது. கத்தியின் நுனியால் மெல்லப் பிரித்தாள். மை முழுவதும் நீலமாகக் கரைந்து ஊறியிருந்தது. பிலார் என்ற முதற்பெயரும் கடைசியில் தாய் வழிப் பெயரும் தெரிந்தன. நடுவில் ஒன்றுமில்லை.

"ஏழு போதும் தேவி, அனுப்புவம்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் கூசிப்போனேன். "அப்ப இவள்?" என்றாள். "இவளை மட்டும் விடுறதோ?"

பன்னிரண்டு மணி. நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து கண்ணை மூடினாள். உதடுகள் அசைந்தன. பிலாரின் புருஷன் செருப்புத் தைப்பவன். கோயிலுக்குப் பின்னால் வீடு. நாலு பிள்ளைகள், இரண்டு தப்பவில்லை. அந்த ஊரில் ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்தை எழுதும்போது பாட்டன் பாட்டி நாலு பேரின் பெயரையும் எழுதுவார்கள். கடைசிப் பிள்ளையின் ஞானஸ்நானத்தை அவள் தட்டியிருக்கிறாள். மூன்றாம் கொப்பியா, நாலாவதா? பக்கங்கள் பறந்தன. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், பன்னிரண்டு ஏழு, எட்டு. நாலாம் கொப்பியின் நடுவில் விரல் நின்றது. தாய் பிலார். தாயின் தகப்பன் எஸ்தேபான் லூனா, எண்ணெய்ச் செக்கில் வேலை.

"லூனா," என்றாள். "பிலார் லூனா."

பன்னிரண்டே பத்துக்குத் தாளைப் படம் பிடித்து மார்த்தாவுக்கு அனுப்பினோம். அவள் கைத்தொலைபேசிக்கு எடுத்தோம், அடித்து ஓய்ந்தது. மறுபடியும் எடுத்தோம். ஓய்ந்தது. நகரசபை இலக்கத்துக்கு எடுத்தபோது பன்னிரண்டு இருபத்து மூன்று. ஒரு கிழவர் எடுத்தார், காவலாளியோ என்னவோ. தேவி ஆங்கிலத்தில் தொடங்கினாள். அவருக்கு ஒரு சொல் புரியவில்லை. அவர் எதையோ வேகமாகச் சொன்னார். எங்களுக்கு ஒரு சொல் புரியவில்லை. போனை வைக்கப்போகிறார் என்று தெரிந்தது.

ஏழு வருடத்தில் தேவி ஸ்பானிய மொழியில் ஒரு வசனம் வாய்விட்டுப் பேசியதில்லை. அவளிடம் இருந்ததெல்லாம் செத்துப்போன எழுத்தர்களின் சொற்கள்தான். அவற்றை எடுத்தாள்.

"இஸபெல் வேகா," என்று கத்தினாள். "திகோ. இஸபெல் ரோமேரோ!"

கிழவர் போனை வைக்கவில்லை.

"பிலார் மோரா. திகோ. பிலார் லூனா!" தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள், மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொருத்தியாக, பிழைப்பெயர், திகோ, சரியான பெயர். ஐந்தாவது பெயரில் கிழவர் "திகோ?" என்று மெல்லக் கேட்டார். பிறகு சத்தமாக ஏதோ சொன்னார். போனை மேசையில் போட்ட சத்தம். நாற்காலி ஒன்று விழுந்தது. ஓடும் காலடி.

வெறும் இரைச்சல். தேவி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள். நான் கடிகாரத்தைப் பார்க்கப் பயந்தேன்.

அப்போது போனுக்குள் மணி அடித்தது. கோயில் மணி. ஒன்று, இரண்டு என்று ஆறுதலாக. தேவி நிமிர்ந்தாள்.

"அந்த மணிதான், அண்ணை," என்றாள். "அந்த மனுஷி கிடாரம் குடுத்தவள்." கண்ணால் தண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. ஒன்பது அடித்து ஓய்ந்தது.

அதற்குப் பிறகு போன நாலு நிமிடத்தை என் ஆயுளில் மறக்கமாட்டேன். மூச்சிரைக்க ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் வந்தது. மார்த்தா. தொட்டிச் சுவரடியில் நின்றாளாம், போன் காருக்குள். உளி கல்லில் பட்டுவிட்டதாம். நல்லகாலம், முதலில் வெட்டத் தொடங்கியது கல்யாணமாகாத ஒருத்தியின் பெயர். வெட்டுவதை நிறுத்தியாயிற்று, உங்கள் படத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள்.

பிறகு மார்த்தா மெதுவாகக் கேட்டாள். மேயருக்கு எழுத்தில் விளக்கம் காட்டாமல் கல்லை மாற்ற முடியாது, பிழை எப்படி வந்தது, யார் பதிந்தார், யார் சரிபார்த்தார் என்று இப்போதே ஒரு கடிதம் அனுப்புவீர்களா?

தேவி போனிலேயே தட்டத் தொடங்கினாள். பதிந்தவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போடுவதைப் பார்த்தேன். அடுத்த வரி, சரிபார்த்தவர். விரல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணை, குடிக்கக் கொஞ்சம் தண்ணி எடுத்துத் தருவியளோ?"

குசினிக்குள் போனேன். கோப்பையை நிரப்பினேன். உடனே திரும்பி, என் பெயரைப் போடும் என்று சொல்லியிருக்கலாம். குழாயடியில் நின்று யன்னலால் கடலைப் பார்த்தேன், கோப்பை நிரம்பி வழிந்து கையை நனைக்கும்வரை நின்றேன். திரும்பி வந்தபோது கடிதம் போய்விட்டது. தண்ணீரை வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

திங்கட்கிழமை மட்ரிட்காரர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்கள். பிழையை நேரத்துக்குச் சொன்னதற்கு நன்றியாம். ஒரே ஒரு நிபந்தனை, அந்தப் புத்தகத்துக்குப் பொறுப்பானவர் இனி இந்த வேலையில் இருக்கக்கூடாது. பஸீர் கடிதத்தின் பிரதியை என்னிடம் நீட்டினார். பதிந்தவர் சரோஜினிதேவி. சரிபார்த்தவர் சரோஜினிதேவி.

"மிஸ்ஸை அனுப்ப எனக்கு மனசே இல்ல அங்கிள்," என்றார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. "எழுத்தில மிஸ்ட பேருதான் ஈக்கி, வேற வழி ஈக்கா? நீங்க அவங்கட சீட்டுக்கு வாங்க."

தேவி தண்ணீர்ப் போத்தலையும் நாற்காலியில் கிடந்த கம்பளிச் சட்டையையும் எடுத்துக்கொண்டு போனாள். மேபல் படிக்கட்டு வரை அழுதுகொண்டே போய் வந்தாள். வந்து என் மேசையடியில் நின்றாள். "செக்கர் நீங்களெல்லோ அண்ணை? அக்கா எப்பிடிச் செக் பண்ணினவ?" என்றாள். நான் கணினியைப் போட்டேன். அந்தக் கதிரையில் ஐந்து கிழமை இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மார்த்தா கல்லின் படத்தை அனுப்பினாள். பெரிதாக அச்செடுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனேன். லிப்ட் அன்றும் வேலை செய்யவில்லை. தேவி கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டாள். மேசையில் கிருஷ்ணராஜின் கோப்பு விரித்துக் கிடந்தது. பிறப்புச் சான்றிதழ், தகப்பனின் மரணச் சான்றிதழ், புதிதாகப் பாதி நிரப்பிய விண்ணப்பம். மறுபடியும் தொடங்கியிருந்தாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். எட்டுப் பெயரையும் ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தாள். பிலார் லூனாவில் வந்து விரலால் தடவினாள். இரண்டாம் முறையும் வாசித்தாள். சந்தோஷத்தில் முகம் சின்னப் பெண்ணின் முகம் போல ஆகியிருந்தது. நான் அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன்.

"தேவி," என்றேன். "உமக்கு ஒண்டு சொல்லவேணும்."

"தெரியும் அண்ணை." படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தாளில ஆர் கையெழுத்து எண்டு அண்டைக்கே கண்டனான். கண்ணாடி இல்லாட்டியும் உங்கட கையெழுத்து எனக்குத் தெரியாதோ? ஏழு வருஷம்."

"பேந்து ஏன் என்ர பேரை எழுதேல்லை?"

"நான் அண்டைக்குத் தாகத்தில தண்ணி கேக்கேல்லை, அண்ணை," என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. தேநீர் போட்டுத் தந்தாள், குடித்துவிட்டுப் படி இறங்கினேன்.

இன்று காலை பஸீரின் மேசையில் ஒரு கடிதம் வைத்தேன். மார்த்தாவுக்கும் மட்ரிட்டுக்கும் அதையே அனுப்பினேன். ரயில் டிக்கெட், நல்லூர்த் தேர் எல்லாம் அதில் இருக்கிறது. பஸீர் இரண்டு தரம் வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். தேவியைக் கூப்பிடுவாரா, ஒப்பந்தம் நிற்குமா, எனக்குத் தெரியாது. நான் என் பேனையையும் கண்ணாடிக்கூட்டையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். கடைசியில் தேவியின் கடிதத்து வரியை அப்படியே எழுதினேன், வெட்டவில்லை. அந்த ஊர் எழுத்தர்கள் செய்வதுபோல அது நிற்கட்டும் என்று விட்டுவிட்டு, பக்கத்தில் எழுதியிருக்கிறேன்:

சரிபார்த்தவர் சரோஜினிதேவி, திகோ, நமசிவாயம்.